வரை

மரோல் நாக்காவுக்குப் பின்னால்
மூன்றாவது மாடி வரை லிஃப்ட் போகும் கட்டடத்தில்
நான்காவது மாடியில் எங்கள் அலுவலகம்.
இந்தி விளம்பரம் உள்ளே வரும்
தமிழ் விளம்பரம் வெளியே போகும்.
நடுவில் நான், ஒரு மேசை விசிறி,
ஆறிப்போன கட்டிங் சாய்.

என் பிழைப்பு ஒரே சொல்லில் ஓடுகிறது.
எழுபது சதவீதம் வரை தள்ளுபடி.
ஒன்றும் எழுபது வரைக்குள்தான் இருக்கிறது,
பூஜ்யம்கூட.
பத்தாண்டு வரை உழைக்கும் மிக்ஸி
பத்தாம் நாள் புகைந்தால்
நான் பொய் சொல்லவில்லை
மிக்ஸிதான் அவசரப்பட்டது.
பழந்தமிழில் வரை என்றால் மலையாம்.
உச்சியைக் காட்டிவிட்டு
அடிவாரத்தில் கடை போடுகிறோம்.

சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில்,
‘முடி உதிர்வதற்குச் சிறந்த எண்ணெய்’
என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.
அச்சாகி, பஸ்களின் முதுகில் ஏறி,
ஒரு மாதம் ஊர் சுற்றியது.
விருதுநகரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.
“சொன்னது சொன்னபடி நடந்துச்சும்மா.
ஒரு முடி பாக்கியில்லை.”
கம்பெனி முதலாளி மெஹுல் தோஷிக்குத் தமிழ் தெரியாது.
வாடிக்கையாளருக்குத் திருப்தியா என்றார்.
சொன்னபடி நடந்ததாம் என்றேன்.
அடுத்த மாதம் பாட்டில் லேபிளில்
அதே வரி, மேற்கோள் குறிக்குள்,
விருதுநகர்க்காரர் பெயரோடு.

வலித் தைலத்துக்கு நான் எழுதியது:
‘இதைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை.’
படியேறிப் படியேறி முழங்கால் பிடித்துக்கொண்ட அன்று
இலவச பாட்டிலை ஒதுக்கிவைத்துவிட்டு
ஒன்றுமில்லையைத் தடவிக்கொண்டு படுத்தேன்.
உண்மைதான்.
அதுதான் சிறந்தது.

நட்சத்திரக் குறிகள் பிராச்சியின் இலாகா.
நிபந்தனைகளை எவ்வளவு சிறிதாக்குவது என்று கேட்டால்
“எறும்பு படிக்கலாம்,
எறும்புக்கு வயசாகியிருக்கக் கூடாது” என்பாள்.

இவ்வளவு தெரிந்த நான்தான்
ஆன்டாப் ஹில்லில் வீடு பார்த்தேன்.
தரகர் சைமன் துரைப்பாண்டி, தாராவிக்காரர்,
கையால் எழுதிய நோட்டீஸை நீட்டினார்:
‘கடல் தெரியும் வீடு. ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடம்.’
ஐந்து நிமிடம்தான்,
ராத்திரி இரண்டு மணிக்கு, டாக்ஸியில்,
ரயில் ஓடாத நேரத்தில்.
கடலுக்கு, குளியலறை வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி நிற்க வேண்டும்.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலம்.
நாலு மாதம் விருந்தாளிகளையெல்லாம் வாளிமேல் ஏற்றினேன்.
ஆச்சரியப்பட்டார்கள்.
மழைக்காலம் முடிந்ததும்
யாரோ அந்த நீலத்தை
மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.
தார்ப்பாய்.

சண்டைக்குப் போனேன்.
சைமன் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:
“உங்களுக்குக் கடல் தெரியுமா, தெரியாதா?”
“தெரியும்.”
“அந்த வீட்ல இருக்கும்போதும் தெரியுமில்ல?”

பதினோரு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.
எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது.

“மீதிக் கமிஷன் எப்போ?” என்றார் படியிறங்கும்போது.
ஐந்தாம் தேதி என்றேன்.
தலையாட்டினார்.
எந்த மாதத்து ஐந்து என்று கேட்கவில்லை.
கேட்காத வரை
நான் நாணயமானவள்.