காற்றுக் கோபுரத்தின் பின்பக்கம்

மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து
முன்னால் நடக்கிறாள் பஸ்மா. துனிஸ்காரி.
முஹர்ரக் சந்துகள் அவளுக்கு மனப்பாடம்.

பவளக்கல் சுவர், தொடாதீர்கள்.
இது முத்து வியாபாரி வீடு, பதினேழு அறை.
இது அவரிடம் கடன்பட்டு மூழ்கினவர் வீடு.
அறை எத்தனை என்று சொல்லவில்லை.

ஜெனோவாவின் விசிட் விசாவில்
இன்னும் பதினோரு நாள்.
கதவு, தாழ்ப்பாள், பூனை என்று
படமெடுத்துக்கொண்டே வருகிறாள்.

காற்றுக் கோபுரத்தடியில் எல்லாரையும் நிறுத்தி
கண்ணை மூடுங்கள் என்றாள் பஸ்மா.
நூறு வருஷமாக இந்த வீட்டுக்குள்
இறங்குகிற காற்று இது.
பதினெட்டுப் பேர் மூடினார்கள்.
ஒரு ஜெர்மன் அம்மாள்
ஆஹா மாதிரி ஏதோ சொன்னாள்.

நான் மூடவில்லை.
அந்த மரச்சட்டத்துக்குப் பின்னால்
இரண்டு டன் மெஷின்.
போன ஜூனில், நாற்பத்தாறு டிகிரியில்,
ஏணிமேல் தோளில் நான் தூக்கிப்போனது.
இடது ஃபேன் இன்னும் லேசாக உரசுகிறது.

சொல்லிவிடலாம் என்று திரும்பினேன்.
ஜெனோவாவும் கண்மூடி நின்றாள்.
நெற்றி முடி பறந்துகொண்டிருந்தது.

பஸ்மா என்னைப் பார்த்துவிட்டாள்,
பழக்கத்துக்குப் பையில் செருகியிருந்த டெஸ்டரையும்.
உதட்டில் விரல் வைத்தாள்.
வெளியே வந்ததும் அரைகுறை இந்தியில் கேட்டாள்:
என் ரூம் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறது,
நாளைக்கு வர முடியுமா?
வடிகால் குழாயில் பாசி இருக்கும்,
ஊதினால் போதும் என்றேன்.

அல்வாக் கடையைத் தாண்டும்போது ஜெனோவா சொன்னாள்:
"அந்தக் காலத்து ஆளுங்க கெட்டிக்காரங்க.
என்னா காத்து!"

ஆமா என்றேன்.