ஒரு நூல் குறைவு

கிழமை நாட்களில் நான் நில அளவையாளன்.
சங்கிலி, முக்காலி,
சிவப்பு மை கசியும் ஒரு பேனா.
கன்னியா வீதியில் ஒரு வேலி
அரைப் பேர்ச் நகர்ந்ததற்காகப்
பதினொரு வருடம் வழக்காடியவர்களின்
இரண்டு வீட்டிலும் தேநீர் குடித்திருக்கிறேன்.
எல்லைக்கல் இரவில் நடக்கும் என்பதை
இந்த ஊரில் எனக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிறுகளில்
கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவி
டச்சுக்குடா முனைப் பாறைகளில் இறங்குகிறேன்.
கையுறை. இடுப்பில் சாக்கு.
கழுத்துக் கயிற்றில் பித்தளை அளவுக்கட்டை.
ஈட்டி இல்லை.
குத்தி முடித்து, அளந்து பார்த்து,
"மன்னிக்கவும், நீ இன்னும் சின்னவன்" என்று
எதனிடம் சொல்வது?

வாலை மட்டும் முறித்து
கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு.
தலையில்லாத காணிக்கு
நான் எல்லை சொல்வதில்லை.

இன்று இரவு அத்தியட்சகர் சாப்பிட வருகிறார்.
வசுமதி தேங்காய் துருவி வைத்துவிட்டாள்.
சாக்கில் ஒன்று கிடக்கிறது, அளவு சரி,
ஆனால் முதலாவது தோணிக்காரனுக்கு:
அது நளீமுக்கும் எனக்கும்
எழுதாத ஒப்பந்தம்.

இரண்டாவது முங்கலில்
கல்லிடுக்கிலிருந்து இரண்டு மீசை
என்னை விசாரிக்கின்றன.
கல்லைப் புரட்டி, பின்னால் கைவைத்து இழுத்தால்
கிறீச்சென்று ஒரு கோபம்.
மணிக்கட்டில் மூன்று அறை.
மேலே வந்து தோணி விளிம்பில் சாய்ந்து
கொம்புகளுக்கு நடுவிலிருந்து
முதுகோட்டின் கடைசி விளிம்புவரை
கட்டையை வைக்கிறேன்.
தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

"எவ்வளவு?" என்கிறான் நளீம்.
ஒரு நூல் குறைவு.
"ஒரு நூல்தானே மச்சான்!
கடலுக்கும் உறுதி முடிச்சா வச்சிருக்கு?"

சுற்றிவர யாரும் இல்லை.
சுவாமிமலை மணிச்சத்தம் காற்றில் பாதியாக வருகிறது.
சிங்கிறாலின் கண் இரண்டும்
தண்டில் நின்று வேறு வேறு பக்கம் பார்க்கின்றன,
ஒன்று என்னை, ஒன்று சாக்கை.

இதை எழுதும் கை சுத்தமான கை அல்ல.
போன வருடம்,
பிடிக்கக் கூடாத மாதத்தில்
ஒரு சினை இறால்.
வாலடியில் செம்மஞ்சள் மணிகள்
ரவை கொட்டினாற்போல அப்பிக்கிடந்தன.
குழாயடியில் குந்தி
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
எல்லாம் துவாரத்தால் போயிற்று.
"இதென்ன, வயித்திலை ஆரோ
சவரம் செய்துவிட்ட மாதிரி?" என்றாள் வசுமதி.
நான் மிளகாய்த்தூள் போத்தலைத் தேடினேன்.
கறி கசந்தது என்று எழுதலாம்.
கசக்கவில்லை. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.
அந்தத் துலக்கி இன்னும் வீட்டில்தான்.
சைக்கிள் சங்கிலி துடைக்கிறேன் அதால்.

கையை விரித்தேன்.
பின்பக்கமாகவே பாய்ந்து
வந்த வழியை அது பார்க்காமலே கண்டுபிடித்தது.
நளீம் கடலைப் பார்த்து
ஏதோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
எனக்கா, இறாலுக்கா தெரியாது.

நான் மறுபடி முங்கினேன், வெறுங்கையோடு.
புரட்டிய கல் மல்லாந்து கிடந்தது.
பாசி முகம் மேலே,
சிப்பி ஒட்டிய முகம் கீழே,
கிடந்தபடியே திருப்பிவைக்க
மூச்சு இரண்டு தரம் போதவில்லை.
சம்பளமில்லாமல் நான் நாட்டிய ஒரே எல்லைக்கல்.

இரவு
அத்தியட்சகருக்கு முருங்கைக்காய்க் குழம்பும்
சூடைமீன் பொரியலும்.
துருவிய தேங்காய் சம்பலாகிவிட்டது.
"கடலுக்குப் போனீர் என்று கேள்விப்பட்டேன்?"
"போனேன் சேர்.
ஒரு நூல் குறைந்துபோச்சு."

அவர் கையைக் கோப்பையிலேயே நிறுத்தி
நிமிர்ந்து பார்த்தார்:
"எந்தக் காணியில்?"