சாலைக்கு அந்தப் பக்கம் 04565

எங்கள் ஊருக்கு இரண்டு எண்.
தேவகோட்டைச் சாலை ஊரை நடுவில் பிளந்து போக
மேற்கு வரிசைக் கம்பியெல்லாம் காரைக்குடிக்கு,
கிழக்கு வரிசை தேவகோட்டைக்கு.
எந்த இன்ஜினியர் எந்த வெயிலில் போட்ட கோடோ.

மேற்கு வரிசைக்காரர்கள் பெண் பார்க்கப் போனால்
"காரைக்குடி" என்பார்கள்,
"பக்கத்துல" என்பதை முழுங்கிவிட்டு.
நாங்களும் லேசில்லை.
மொய் நோட்டில் ஊர்ப்பேர் எழுதும் இடத்தில்
04561 என்று மட்டும் எழுதவைத்த சித்தப்பா உண்டு எனக்கு.

எதிர்வரிசைக்கு யாரும் போன் போட்டதில்லை.
கத்தினால் கேட்கும்.
போட்டால் எஸ்.டி.டி.

கார்கில் சண்டை ஓய்ந்த வருஷம்
அப்பாவின் சிமெண்ட் கடையில் கணக்கு எழுதினேன்.
எதிரே டயர் கடை. ஓனர் திருப்பத்தூரில்,
போன் அடைக்கலத்தின் கையில்.
கத்திச் சொல்ல முடியாதவை சில இருந்தன.
"இன்னிக்கு மஞ்சத் தாவணி நல்லால்ல."
"சாப்ட்டியா?"
"வேற?"
இந்த "வேற"வுக்கே பாதி பில்.

பேசும்போது பார்த்துக்கொள்வோம்.
குறுக்கே லாரி போனால் முகம் போகும்,
குரல் நிற்கும்.

பில் வந்தது.
அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
பூஜ்யம் நாலு அஞ்சு ஆறு அஞ்சு.
அதற்குக் கீழேயும் பூஜ்யம் நாலு அஞ்சு ஆறு அஞ்சு.
நாற்பத்தோரு தடவை.
"காரைக்குடியில யாரு?"
"டீலர்" என்றேன்.
"எந்த டீலர், ராத்திரி எட்டரைக்கு?"

போட்டுக் கேட்டிருக்கலாம்.
திட்டுவதற்கும் மீட்டர் ஓடுமே.
காலையில் டிவிஎஸ்ஸை எடுத்தார், பின்சக்கரத்தில் காற்றில்லை.
எதிரே தள்ளிக்கொண்டு போனார்.
அடைக்கலம் குந்தி உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினான்.
"தூரமாண்ணே?"
"காரைக்குடி. ஒருத்தனப் பாக்கணும்."
"பாத்துப் போங்க" என்று
இரண்டு அடி கூடவே காற்று அடித்தான்.
காசு வாங்கவில்லை.
வாங்கியிருக்கலாம்.

கல்லுக்கட்டி, செக்காலை, கழனிவாசல் என்று
04565 முழுவதையும் அலசிவிட்டு
அந்தியில் வந்தார். சட்டையெல்லாம் புழுதி.
கையில் பக்கோடாப் பொட்டலம்.
எனக்கும் கொடுத்தார்.
இரண்டு பேரும் தின்றோம்.
பிறகு, செலவோடு செலவாக,
பில்லைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொரு எண்ணாக அமுக்கினார்.

அவர் காதுக்குள் ஒரு மணி.
எதிரே ஒரு மணி.
கொஞ்சம் முன்னே பின்னே.

காதிலிருந்து எடுத்தார். கேட்டார்.
மறுபடி காதில் வைத்தார்.
அங்கே ஒருவன் எழுந்து
கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு
சிரித்தபடி போனுக்கு வருகிறான்.
நான் என்றுதானே நினைப்பான்.

ஒரு லாரி வரலாம்.
செங்கல் லாரி, வைக்கோல் வண்டி,
தேவகோட்டை போகிற ஏதாவதொரு பஸ்.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
ரோடு காலி.