ஒன்பது சாண்

கண்ணீர்த்துளி வண்டி என்று
இதற்குப் பெயர் வைத்தவன்
ஒருநாளும் அழுதிருக்க மாட்டான்.
கண்ணீர் நின்றபடி இறங்கும்.
இது படுத்தபடி போகிறது,
முன்னே பருத்து, பின்னே சிறுத்து,
பதினாறு வருஷத்துக் கார் இழுக்க
கார் அதைக் கவனிக்காமலே.

எண்சாண் உடம்புக்கு ஒன்பது சாண் வீடு.
மிச்சமுள்ள ஒரு சாணில்
ஒரு டார்ச், வைனோவின் கண்ணாடி,
டம்ளரில் என் பல்செட்டு.
நிற்க முடியாது.
மற்றபடி அரண்மனை.

ஆகஸ்ட் முழுக்க
சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தான்.
கரண்டிக் காம்புகளில் ஓட்டை போட்டான்.
துவாலையைப் பாதியாக வெட்டினான்.
நானூறு கிலோவுக்கு மேல் ஒரு கிராம் கூடாதாம்.
என்னைத் தராசில் ஏறச் சொல்லவில்லை.
அந்த மட்டுக்கும் புத்தி உண்டு.

சுப்பீரியர் ஏரிக்கரை, அக்டோபர்.
மதியம் கையில்லாச் சட்டை.
நாலு மணிக்கு மழை.
ஆறு மணிக்கு மழை மனசு மாறி
பாதி பனியாகச் சாய்ந்து விழுந்தது,
தகரத்தில் யாரோ அரிசி கொட்டுகிற சத்தம்.

பக்கத்து இடத்தில் ட்ரெவார்த்தன்.
பேருந்து நீளத்துக்கு வீடு,
பட்டனை அழுத்தினால் சுவரே வெளியே நகரும்.
நகர்ந்த சுவர் இன்று உறைந்துபோய்
உள்ளே வரமாட்டேன் என்கிறது.
ஏணியில் நின்று அதற்கு
முடி உலர்த்தியைக் காட்டிக்கொண்டிருந்தார்,
கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு விசிறுவது போல.

நாங்கள் கதவுகளைச் சாத்தினோம்.
கூரைச் சன்னல் மட்டும் ஒரு விரல் திறந்து.
மூச்சு வெளியேறாவிட்டால்
விடியலில் நம் மூச்சே நம் மேல் சொட்டும்.
இரண்டு அங்குலச் சுவர், உள்ளே ஆட்டுக் கம்பளி.
அரைமணியில் சூடு வந்தது,
அடுப்பில்லை, ஹீட்டரில்லை,
இரண்டு கிழட்டு உடம்புகள்தான் விறகு.

அப்போதுதான் கேட்டேன்:
"நீலப் போர்வை எங்கே?"

"மூன்று கிலோ இருநூறு," என்றான்.

பெரிய வீட்டில் சண்டை போட வசதி அதிகம்.
ஏறிப்போக மாடி,
அறைந்து சாத்த ஆறேழு கதவு.
இங்கே முறுக்கிக்கொண்டு திரும்பினால்
மூக்கு சுவரில் இடிக்கிறது.
முழங்கை, வேண்டுமென்று இல்லை,
அவன் விலாவில்.

ஆனால் ஆளுக்கொரு கதவு உண்டு.
அவன் இடப்பக்கம் இறங்கினான்.
நான் வலப்பக்கம்.
ஏரி இருட்டுக்குள் உறுமியது.
கோபமாய் இறங்கியாயிற்று, இனி எங்கே போவது?
பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையலறை,
தூக்கிய மூடிதான்
அந்தக் கரையிலேயே நனையாத மூன்று முழம்.
வண்டியைச் சுற்றி வந்து
இருவரும் அதன் கீழ் முட்டிக்கொண்டோம்,
நனைந்த கோழிகள்.

பேசவில்லை.
அவன் அடுப்பைப் பற்றவைத்தான்.
நான் காலையில் மார்கெட்டில் வாங்கிய
பாஸ்டிகள் இரண்டை எடுத்தேன்.
பிறகு, வேறு வழியில்லாமல்,
தண்ணீர்க்கேனுக்குப் பின்னால்
என் பாவாடையில் சுற்றி ஒளித்திருந்த
வார்ப்பிரும்புச் சட்டியையும்.

கையில் வாங்கினான்.
ஒருமுறை ஏந்திப் பார்த்தான்.
உதடு அசைந்தது.
எண் வெளியே வரவில்லை.
வெண்ணெய் போட்டான்.

மாவு பொரிந்து, உள்ளே உருளையும் கறியும்
மிளகு வாசத்தோடு பெருமூச்சு விட,
ஏணியிலிருந்து ட்ரெவார்த்தன் எட்டிப் பார்த்தார்.
அவருக்கு ஒரு பாதி.
"பாரம் குறைகிறது," என்றான் வைனோ.
முதலில் சிரித்தது நான்தான்,
அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல்.

இரவு அவன் ஸ்வெட்டர் என் காலில்.
வெளியே வானம் தன்னிடமிருந்ததையெல்லாம்
எங்கள் தலைக்கு ஒரு முழம் மேலே கொட்டித் தீர்த்தது.
கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

விடிந்தபோது பாறைகளுக்குக் கண்ணாடி மேலுறை.
கூரைச் சன்னலின் ஓரத்தில்
ஒரே ஒரு துளி,
அவன் மூச்சோ என் மூச்சோ,
தொங்கி, யோசித்து,
அவன் நெற்றியில் விழுந்தது.

கண் திறந்தான்.

"நிறுத்துப் பார்," என்றேன்.