ஆணியா, போல்ட்டா

காற்றை யாரும் பார்த்ததில்லை, நானும்தான்.
அது போனபிறகு
மறுநாள் காலை எட்டு மணிக்கு
கேமராவும் அளவுநாடாவும் ரப்பர் பூட்ஸுமாக
வந்து நிற்பவள் நான்.
நெப்ராஸ்காவில் மே மாதம் முழுக்க இதே வேலை:
உடைந்ததைப் பார்த்து
உடைத்ததன் வேகம் சொல்வது.

பூஜ்யம் முதல் ஐந்துவரை மதிப்பெண்.
கூரைத்தகடு பெயர்ந்தால் இவ்வளவு,
கூரையே போனால் இவ்வளவு,
நாலு சுவரும் போய்க்
குளியல்தொட்டி மட்டும் மிஞ்சினால் இவ்வளவு.

எமில் ஹ்ருஷ்காவின் வீடு
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல
வெறும் கான்கிரீட்டாகக் கிடந்தது.
நிலவறைப் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தார்.
அதற்கு மேல் ஒரு படி இருந்தால் வானம்.
ஒரு காலில் அவருடைய செருப்பு,
இன்னொன்றில் மனைவியுடையது.

முட்டிபோட்டு விளிம்பைத் தடவினேன்.
சுவரைத் தரையோடு பிடித்திருந்தது
ஆணியா, போல்ட்டா?

ஆணி.
மூன்றடிக்கு ஒன்று.
வளையக்கூட இல்லை,
பால்பல் விழுந்த மாதிரி
நேராகக் கழன்றிருந்தது.

"நானும் தம்பி லூமிரும் கட்டினோம், எழுபத்தெட்டில்.
அந்த வருஷம் சோளம் விலைபோகவில்லை."
நான் எதுவும் கேட்கவேயில்லை.

ஆணி என்றால் மதிப்பெண் குறையும்.
வீடு இளைத்தது என்றால்
காற்றும் இளைத்ததாகத்தான் கொள்ள வேண்டும்,
கணக்கு அப்படி.
நான்கை அடித்துவிட்டு இரண்டு எழுதினேன்.
எதிரே இருந்து தலைகீழாகவே
வாசித்துவிட்டார்.

"இரண்டுதானா?
அப்படியானால் பெரிய காற்று இல்லையா
என் வீட்டைக் கொண்டுபோனது?"

சொல்லிப் பார்த்தேன்.
தெற்கே வளைகுடாவிலிருந்து ஈரம் வந்தது,
தெற்கிலிருந்து வருவதெல்லாம் தென்றலாகிவிடுமா.
மேற்கு மலைகளின் வறண்ட சூடு
அதன்மேல் மூடிபோட்டு உட்கார்ந்தது.
மாலை நாலுவரை மூடி தாங்கியது.
தரையில் ஒரு திசை, மேலே வேறு திசை,
நடுவில் அகப்பட்ட காற்று
சப்பாத்திக் கட்டையாய் உருண்டது.
எழும்பிய வெப்பம்
அதைத் தூக்கி நிறுத்தியது.

செத்த கன்றைப் பற்றி
மாட்டு வைத்தியர் சொல்வதைக் கேட்பதுபோல்
கேட்டுக்கொண்டிருந்தார்.
"வ்லாஸ்தா போல்ட் வாங்கத்தான் சொன்னாள்" என்றார்.
வ்லாஸ்தா ஆஸ்பத்திரியில்,
புருவத்தில் பதினொரு தையல்.

வடகிழக்கே மேய்ச்சல் நிலத்துக்கு நடந்தோம்.
அங்கே புல் இல்லை.
நூறு கஜ அகலத்துக்கு
வேரோடு, மண்ணோடு உரித்திருந்தது.
அது முழுப்பலத்தோடு இருந்தது இங்கேதான்,
எனக்குத் தெரியும்.
ஆனால் இங்கே வீடு இல்லை, மரம் இல்லை,
ஒரு வேலிக்கம்பம்கூட இல்லை.
உடைக்க எதுவும் கிடைக்காத காற்றுக்கு
என் படிவத்தில் ஒரே பதில்:
அறிய இயலவில்லை.

அந்த வெறுமையின் ஓரத்தில்
அவருடைய ஃப்ரீசர் மல்லாந்து கிடந்தது,
மூடி திறக்காமல்.
திறந்தார்.
நவம்பரில் சுட்ட ஃபெசன்ட் கோழிகள்
காகிதச் சுருளுக்குள் இன்னும் கல்லாக.
ஒவ்வொன்றாய் எடுத்துச் சேற்றில் அடுக்கினார்.

"பதினொன்று.
பன்னிரண்டு இருக்கணுமே."

வயலைச் சுற்றிப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்,
பேனாவை மூடாமலே.

"இல்லை, இல்லை" என்றார் கொஞ்சம் கழித்து.
"ஈஸ்டருக்கு ஒன்று சமைத்தோம்.
சரியாகத்தான் இருக்கு."