கருநீலம்

ஜெனோவா அக்காவுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
இல்லையென்றால் என்னிடம் வந்திருக்க மாட்டாள்.
"தைக்கணும் தவசி" என்றாள்.
அளவு சொல்லவில்லை.
ஊசி மட்டும் பெரிதாய் எடுத்துவரச் சொன்னாள்.

செண்பகனூரில் அன்று
தையல் மிஷின்மேல் ஈரம் படிகிற பனி.
அவள் சமையல் மேஜையில்
எலும்பெடுத்த வான்கோழி,
அவசரத்தில் கழற்றிப் போட்ட ஸ்வெட்டர் மாதிரி
உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது.

நான் கறி தொடாதவன்.
தையற்காரனுக்கு எல்லாமே துணிதான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
துணி இப்படிச் சில்லிடாது.

வான்கோழிக்குள் வாத்து.
வாத்துக்குள் கோழி.
கோழிக்குள்
என் கைப்பிடியில் அடங்குகிற ஒரு காடை.
ஒவ்வொன்றுக்கும் நடுவில்
ரொட்டித்தூள், ஈரல், மலைப்பூண்டு,
பொடியாய் நறுக்கிய பேரிக்காய்
ஒற்றைக் கையால் அவள் அப்ப அப்ப,
"அட, லைனிங் வச்ச கோட்டு" என்றேன்.

"எத்தனை பேருக்கு?"
"இஞ்ஞாசி, பெர்க்மான்ஸ், லூர்து. நான்."
கல்லறைத் திருநாளில்
ஒரே கல்லறைக்கு
நாலு நேரத்தில் பூ வைக்கிறவர்கள்.
ஒரு பேரித் தோட்டம், ஒரு கையெழுத்து.
ஊருக்கே தெரியும்; நான் கேட்கவில்லை.

வெள்ளை நூல் தீர்ந்திருந்தது.
பாலியஸ்டர் சூட்டில் உருகும்.
மிச்சமிருந்த பருத்தி நூல்
பள்ளிக்கூடப் பாவாடைக்கு வாங்கிய கருநீலம்.
வெந்நீரில் முக்கிப் பார்த்தேன்,
சாயம் இறங்கவில்லை.
முதுகு நெடுக நாற்பத்தேழு தையல்.
"இந்த முனையை இழுத்தா மொத்தமும் வந்துடும்."
கேட்டாளா தெரியாது,
வெண்ணெயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டு அடுப்பு கொள்ளவில்லை.
நாயுடுபுரம் பேக்கரியில் கடைசிக் கேக் இறங்கிய பிறகு
சீகை விறகுத் தணலில் விடியும்வரை.
கம்பளி போர்த்தி, ஜீப்பில், என் மடியில்.
பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிவருவதுபோல்
வளைவுக்கு வளைவு மெதுவாய் ஓட்டினான் காஜா.
கறி தொடாதவன் வேட்டியெல்லாம் வெண்ணெய்.

மூன்று பேர் மூன்று வண்டியில் வந்தார்கள்.
நான் அடுக்களை முக்காலியில், தயிர்சோற்றோடு.
கதவு ஒருக்களித்திருந்தது.
கத்தி இறங்கியது,
முதலில் மொறுமொறுவென்று,
பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை.
எலும்பு இல்லையே.

"மரத்தை அறுத்தாப்பல வளையம் வளையமா இருக்கு"
லூர்து, யாருக்கும் சொல்லாமல்.
உப்பு வேண்டியவர் எழுந்துபோய் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஓர் இருமல்.
நாற்காலி பின்னால் தள்ளுகிற ஓசை.
இஞ்ஞாசி பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுக்கிறார்,
இழுக்க இழுக்க வருகிறது
ஒரு முழம்.
"என்னடி இது, யூனிபார்ம் நூலு!"

அந்த 'என்னடி'யை அவள் கேட்டு
பதினொரு வருஷம்.

லூர்து மூக்கால் சிரித்தாள்.
பெர்க்மான்ஸ் தட்டைப் பார்த்தபடி
"உன் டவுசர் கிழிஞ்சப்போ கூட இதே கலர்ல..."
பாதியில் நிறுத்திவிட்டார்.
யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.
காடை இருந்த நடுத்துண்டு
நாலு பேருக்கும் நடுவில் ஆறியது.

சாயங்காலம் கூலி கேட்டாள்.
ரவிக்கைக்கு வாங்குவதைச் சொன்னேன்.
"நூலை இழுக்க மறந்துட்டேன்."
"என் முடிச்சு லேசு, அறுந்திருக்கும்."
இரண்டும் பொய் என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.

இடக்கையால் எண்ணி,
முப்பது ரூபாய் கூட வைத்தாள்.
"மூணு லைனிங் இல்லையா."