எங்கள் வீட்டில்

நம் பக்கம் எம்டன் என்றால் கில்லாடி.
வடகடல் ஓரம் அது வெறும் ஊர்ப்பெயர்;
துறைமுகம், காற்று,
நாலரைக்கே விளக்குப் போடும் டிசம்பர்.

அந்த ஊரில் ஒரு மூன்றாம் மாடி.
குடும்பமாகி ஆறு வாரமான ஐந்து பேர்.
வீப்கே, அவள் பையன்கள் யெல்டோ, ஒன்னோ.
கப்பல் வேலையை விட்டு வந்த ஹௌகே,
அவன் மகள் ஃபென்யா, பதினொரு வயது,
இன்னும் பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகள்.

ஆட்டத்தின் பெயர் 'மனிதா, கோபப்படாதே'.
பெயரிலேயே முன்ஜாமீன்.
ஆறு விழுந்தால் காய் இறங்கும்,
பின்னால் வருபவன் வெட்டுவான்,
சுற்றி வந்தால் பழம்.
நமக்குத் தெரியாததா?

நாலு பேர் பலகை போதவில்லை.
திருப்பினார்கள். பின்பக்கம் ஆறு பேருக்கு.
ஒருவரும் தொடாத பக்கம்,
கடை வாசனைகூடப் போகாமல் இருந்தது.

"வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகணும்,"
என்றான் யெல்டோ.
"விட்டால் உன் காய் வெளியே.
எங்கள் வீட்டில் அப்படித்தான்."

"வாசலில் நிற்கிற காயை வெட்டக் கூடாது,"
என்றாள் ஃபென்யா.
"பழத்துக்கு ஒரு கட்டம்தான் பாக்கி, பாவம்.
எங்கள் வீட்டில் அப்படித்தான்."

"அப்படியா?" என்றான் ஹௌகே.
அந்த எங்களுக்குள் அவனும் உண்டு.
"நீ கப்பலில் இருப்பாய்."

விதித்தாளைத் தேடினார்கள்.
பெட்டியின் அடியில் கிடைத்தது
பழைய பல் வைத்தியர் ரசீது ஒன்று.

அவனுக்குத் தெரியாது:
இரண்டே பேர், அம்மாவும் மகளும்.
ஆட்டம் முடிந்தால் படுக்கப் போகணும்.
முடியாமல் இருக்கச் செய்த விதி அது.

யெல்டோவும் ஒன்றைச் சொல்லாமல் விட்டான்.
அம்மாவின் காயை வெட்ட மாட்டேன் என்று
ஒன்னோ நாலு வயதில் அழுவான்.
பாவம் பார்த்துப் பார்த்துத் தோற்பான்,
தோற்றதற்கும் அழுவான்.
கட்டாயம் என்று வைத்த பிறகுதான்
சிரித்துக்கொண்டே வெட்டினான்.
விதி வெட்டியது, அவன் இல்லை.

முதல் ஞாயிறு யெல்டோ விதி.
அரைமணியில் முடிந்தது. ஃபென்யா
குளியலறையைத் தாழிட்டுக்கொண்டாள்.
அடுத்த ஞாயிறு அவள் விதி.
பத்து மணிக்கும் வாசல்களில் காய்கள் நின்றன,
ரேஷன் கடைக் கும்பலாக.
யாருக்கும் பயமில்லை. சந்தோஷமும் இல்லை.
வீப்கே எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள்,
கழுவிய பாத்திரத்தையே.

அதற்கடுத்த வாரம்
விதியைப் பேசாமலே ஆரம்பித்துவிட்டார்கள்.
ஒன்னோவுக்கு நாலு விழுந்தது.
நாலாம் கட்டத்தில், வாசலில், ஃபென்யாவின் கடைசிக் காய்.
காய்கூட இல்லை,
தொலைந்ததற்குப் பதில் ஒரு நீலச் சட்டைப் பொத்தான்.
வெட்டியே ஆகணும். வெட்டக் கூடாது.
வீப்கே தேநீரைக் கலக்கினாள்.
அந்த ஊரில் தேநீரை யாரும் கலக்குவதில்லை;
கற்கண்டு தானாய்க் கரையணும், அதுவும் விதி.

ஒன்னோ, ஏழு வயது,
அம்மாவைப் பார்த்தான். பொத்தானைப் பார்த்தான்.
பிறகு முழங்கையால் பகடையை
மெல்ல, எல்லோரும் பார்க்க,
மேசையிலிருந்து தள்ளிவிட்டான்.
"கீழே விழுந்துடுச்சு. செல்லாது."

நம் பக்கத்துப் பொருளில் சொல்கிறேன்: எம்டன்.

யெல்டோ குனிந்து எடுத்தான்,
தூசி ஊதி
தம்பி கையில் வைத்தான்.

ஜனவரியில் ஒருநாள் ஹௌகே உருட்டியது
எகிறி ஓடி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றது.
"ஆறு!" என்று கத்தினான்,
அன்று அவனுக்கு விழுந்த முதல் ஆறு.
"செல்லாது," என்றாள் ஃபென்யா,
பையன்கள் பக்கம் திரும்பி.
"நம் வீட்டில் அப்படித்தானே?"

எங்களுக்கும் நமக்கும்
அவர்கள் மொழியில் ஒரே சொல்.
எதை எழுதுவது என்று
இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.
யெல்டோ தலையாட்டியதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஹௌகேவுக்குக் கோபம் வந்தது.